ஒரு அணி, பல தீவுகள்: பிராங்க் வொரல் பேசிய விதம் வெஸ்ட் இண்டீஸை மாற்றியது எப்படி?

கேப்டன் என்றால் என்ன வேலை? டாஸ் போடுவது, ஃபீல்டிங் நிறுத்துவது, பவுலரை மாற்றுவது. டிவியில் நமக்குத் தெரிவது இவ்வளவுதான். ஆனால் களத்தில் நிற்கும் மற்ற 10 பேரோடு எப்போது பேச வேண்டும், எவ்வளவு பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் கேப்டனின் வேலையில் சேர்ந்ததுதான். ஸ்கோர்கார்டில் அதற்குத் தனி கட்டம் கிடையாது. அதனால் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதும் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல உதாரணம், 1967-ல் 42 வயதிலேயே இறந்துபோன சர் பிராங்க் வொரல். வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு ஒரு முழுத் தொடருக்கு கேப்டனாக நியமிக்கப்பட்ட முதல் கறுப்பின வீரர். அவர் தலைமை தாங்கியது மொத்தமே 15 டெஸ்ட்தான். 9 வெற்றி, 3 தோல்வி, 2 டிரா, ஒரு டை. அந்த 15 டெஸ்ட்டுக்கு முன்பு இருந்த அணியும் பின்பு இருந்த அணியும் ஒன்றல்ல என்று கரீபியனில் இன்றும் சொல்கிறார்கள்.

யார் இந்த வொரல்?

1924 ஆகஸ்ட் 1-ம் தேதி பார்படாஸ் தீவின் செயின்ட் மைக்கேல் பகுதியில் பிறந்தார். அடுத்த 18 மாதங்களுக்குள், அதே வட்டாரத்தில், இன்னும் இரண்டு குழந்தைகள் பிறந்தன: எவர்டன் வீக்ஸ், கிளைட் வால்காட். மூன்று பேரின் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கியதால் 'த்ரீ டபிள்யூஸ்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. மூவரையும் பிரசவம் பார்த்தது ஒரே மருத்துவச்சி என்றொரு கதையும் உண்டு. உண்மையோ இல்லையோ, கேட்க நன்றாக இருக்கிறது.

இடதுகை ஸ்பின்னராகத்தான் பார்படாஸ் அணிக்குள் நுழைந்தார். பேட்டிங் அப்புறம் வந்தது. ஆனால் வந்த பிறகு நிற்கவே இல்லை. டிரினிடாட்டுக்கு எதிராக 19 வயதில் 308 நாட் அவுட். இரண்டு வருடம் கழித்து அதே டிரினிடாட்டுக்கு எதிராக வால்காட்டுடன் பிரியாத 574 ரன் பார்ட்னர்ஷிப். 1948-ல் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட்; 97-ல் அவுட். 1950 இங்கிலாந்து பயணத்தில் டிரென்ட் பிரிட்ஜில் 261. முழு டெஸ்ட் வாழ்க்கையில் 51 ஆட்டம், 3,860 ரன், 9 சதம், 69 விக்கெட்.

பேட் கட்டிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருக்கும்போது தூங்கிவிடுவார் என்பதும் பிரபலம். பதற்றம் என்ற வார்த்தைக்கும் இவருக்கும் தூரம் அதிகம்.

எல்லாரிடமும் நல்ல பெயர் எடுத்த சாது என்று நினைத்துவிட வேண்டாம். 1948-49-ல் வெஸ்ட் இண்டீஸ் அணி முதல்முறையாக இந்தியாவுக்கு வந்தபோது வொரல் வரவில்லை. சம்பளம் தொடர்பாக கிரிக்கெட் வாரியத்தோடு தகராறு. வாரியம் கொடுத்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லும் காலத்தில், தன் உழைப்புக்கு என்ன விலை என்று கேட்டார். வாரியம் மறுத்தது, இவரும் மறுத்துவிட்டார். பிறகு காமன்வெல்த் அணியோடு இந்தியாவுக்கு வந்து ரன் குவித்தார். அதே காலத்தில் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ராட்கிளிஃப் கிளப்புக்குத் தொழில்முறை வீரராக ஆடினார். பக்கத்திலேயே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டமும் வாங்கினார்.

அவருக்கு ஏன் கேப்டன் பதவி தரவில்லை?

இதைப் புரிந்துகொள்ள வெஸ்ட் இண்டீஸ் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். அது ஒரு நாடு இல்லை. அன்று பிரிட்டிஷ் காலனிகளாக இருந்த பல தீவுகளும், தென் அமெரிக்கக் கரையில் உள்ள கயானாவும் சேர்ந்து ஆடும் அணி. ஜமைக்காவுக்கும் பார்படாஸுக்கும் இடையே கடலில் சுமார் 1,900 கிலோமீட்டர். ஒவ்வொரு தீவுக்கும் தனி அரசாங்கம், தனி பேச்சு வழக்கு, தனி பெருமை. அணித் தேர்வு என்றாலே உங்க தீவுக்கு எத்தனை பேர், எங்க தீவுக்கு எத்தனை பேர் என்ற கணக்குதான் முதலில் வரும். அடுத்த தீவுக்காரன் மேல் பார்வையே வேறு மாதிரி இருக்கும்.

அதற்கு மேல் நிறம். ரன் எடுப்பதும் விக்கெட் எடுப்பதும் பெரும்பாலும் கறுப்பின, இந்திய வம்சாவளி வீரர்கள்; தலைமை தாங்குவது வெள்ளையர். இது எழுதப்படாத விதி. அந்தக் காலத்தின் மிகப்பெரிய பேட்டர் ஜார்ஜ் ஹெட்லிக்கே 1948-ல் ஒரே ஒரு டெஸ்ட்டில்தான் தலைமை வாய்ப்பு கிடைத்தது. 1954-55-ல் ஆஸ்திரேலியா வந்தபோது காயம்பட்ட கேப்டனுக்குப் பதிலாக டெனிஸ் அட்கின்சன் அணியை நடத்தினார். அப்போது வொரல், வீக்ஸ், வால்காட் மூன்று பேரும் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அட்கின்சன் நல்ல வீரர்தான், அந்தத் தொடரிலேயே இரட்டைச் சதமும் அடித்தார். ஆனாலும் அனுபவத்தில் இந்த மூவருக்கும் பின்னால்தான்.

இந்த இரட்டைப் பிரிவினால் என்ன ஆகும்? பேச்சு நின்றுவிடும். கேப்டன் ஒரு ஹோட்டல் மேஜையில், வீரர்கள் இன்னொரு மேஜையில். ஒரு தீவுக்காரர்கள் ஒரு மூலையில். களத்தில் யோசனை தோன்றினாலும் எதற்கு வம்பு என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். 1951-52-ல் ஆஸ்திரேலியாவிலும் 1957-ல் இங்கிலாந்திலும் திறமை இருந்தும் அணி சிதறித் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

1960-ல் டிரினிடாட்டில் பத்திரிகை ஆசிரியராக இருந்த எழுத்தாளர் சி.எல்.ஆர்.ஜேம்ஸ், வொரலை கேப்டனாக்க வேண்டும் என்று தொடர்ந்து எழுதினார். அந்த ஆண்டின் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு ஒருவழியாக வாரியம் இறங்கி வந்தது. வொரலுக்கு அப்போது 36 வயது. பெரும்பாலான வீரர்கள் ஓய்வை யோசிக்கும் வயது.

முதல் நாள் தலைவலி

அதுவரை கேப்டனாக இருந்தவர் ஜெர்ரி அலெக்சாண்டர். ஜமைக்காக்காரர், கேம்பிரிட்ஜில் படித்தவர், விக்கெட் கீப்பர். பதவி போன அவர் அதே பயணத்தில் வொரலுக்குக் கீழே ஆட வேண்டும். எந்த அணியிலும் இதைவிட சிக்கலான நிலைமை வேறு இருக்க முடியாது. ஆபீஸில் நேற்றுவரை மேனேஜராக இருந்தவர் இன்று அதே டீமில் உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பாருங்கள்.

இரண்டு பேரும் அதைக் கையாண்ட விதம்தான் அந்தப் பயணத்தின் பேசப்படாத கதை. அலெக்சாண்டர் துணை கேப்டனாக முழு மனதோடு ஒத்துழைத்தார். அந்தத் தொடரில் வெஸ்ட் இண்டீஸ் பேட்டிங் சராசரியில் முதலிடம் பிடித்தது சோபர்ஸோ கன்ஹாயோ கிடையாது, இந்த அலெக்சாண்டர்தான். தன் வாழ்நாளின் ஒரே முதல்தர சதத்தையும் அந்தத் தொடரில்தான் அடித்தார். வொரலுக்கு கிடைத்த புகழில் பாதியை அலெக்சாண்டருக்குக் கொடுத்தாலும் தகும்.

வொரல் மேடைப் பேச்சாளர் இல்லை. நீண்ட டீம் மீட்டிங், உணர்ச்சிகரமான உரை, மேஜையில் குத்துவது எதுவும் அவரிடம் இல்லை. குரல் உயராது. ஒருவரிடம் குறை சொல்ல வேண்டுமென்றால் தனியாகச் சொல்வார். இளம் வீரரின் கருத்தையும் கேட்பார். தீவு வாரியாக ஒதுங்காமல் எல்லாரும் கலந்து பழக வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருந்தார்.

பிரிஸ்பேன்: அந்தக் கடைசி ஓவர்

1960 டிசம்பர் 14. பிரிஸ்பேன் டெஸ்ட்டின் ஐந்தாம் நாள். ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு 233. 92 ரன்னுக்கு 6 விக்கெட் போன பிறகு டேவிட்சனும் கேப்டன் பெனோவும் 134 ரன் சேர்த்துவிட்டார்கள். ஆட்டம் கையை விட்டுப் போய்விட்டது போலத்தான் இருந்தது. 226-ல் ஜோ சாலமன் நேராக ஸ்டம்ப்பைத் தாக்கி டேவிட்சனை ரன் அவுட் செய்தார்.

கடைசி ஓவர். ஆஸ்திரேலியாவில் அப்போது ஓவருக்கு 8 பந்து. தேவை 6 ரன், கையில் 3 விக்கெட். பந்து 23 வயது வெஸ் ஹால் கையில். அதிவேகம், அதே அளவு ஆவேசம்.

முதல் பந்து பேட்டர் கிரவுட்டின் உடம்பில் பட்டு ஒரு லெக் பை. இப்போது எதிரில் பெனோ, 52 ரன்னில் நிற்கிறார். பவுன்சர் மட்டும் போடாதே என்று வொரல் சொல்லியிருந்தார். ஹால் போட்டது பவுன்சர்தான். பெனோ அடிக்கப் போனார், கீப்பர் அலெக்சாண்டர் கையில் கேட்ச். துள்ளிக் குதித்து வந்த ஹாலுக்கு பாராட்டு கிடைக்கவில்லை. நான் என்ன சொன்னேன், நீ என்ன செய்தாய், அது பவுண்டரிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேப்டன் அமைதியாக நினைவுபடுத்தினார். ஹால் பிற்காலத்தில் இந்தச் சம்பவத்தைச் சிரித்துச் சிரித்துச் சொல்வது வழக்கம்.

மூன்றாவது பந்தில் ரன் இல்லை. நான்காவதில் ஒரு பை. ஐந்தாவது பந்தை கிரவுட் வானத்துக்குத் தூக்கினார். ரோஹன் கன்ஹாய் கீழே தயாராக நிற்கிறார். சும்மா விட்டிருந்தால் கேட்ச். ஆனால் பந்து போட்ட ஹாலே ஓடி வந்து, குறுக்கே பாய்ந்து, தவறவிட்டார். பதிலுக்கு ஒரு ரன். இப்போது தேவை 3 ரன், 3 பந்து.

யோசித்துப் பாருங்கள். ஒரே ஓவரில் இதே பவுலர் ஒருமுறை பேச்சை மீறியிருக்கிறார், ஒரு கேட்சைக் கெடுத்திருக்கிறார். பெரும்பாலான கேப்டன்கள் இங்கே வெடித்திருப்பார்கள். அந்த ஓவரைப் பற்றி எழுதிய அத்தனை பேரும் குறிப்பிடுவது வொரலின் நிதானத்தைத்தான். பதறாதீர்கள் என்பதைத்தான் சுற்றியிருந்தவர்களிடம் மெதுவான குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறாவது பந்தை மெக்கிஃப் லெக் பக்கம் தூக்கி அடித்தார். இரண்டு ரன் ஓடிவிட்டார்கள். மூன்றாவது ஓடினால் வெற்றி. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து கான்ராட் ஹன்ட் எறிந்த பந்து அப்படியே கீப்பர் கைக்கு வந்தது. கிரவுட் ரன் அவுட். ஸ்கோர் சமம். கடைசி ஜோடி.

வொரல் ஹாலிடம் போய் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: நோ-பால் மட்டும் போட்டுவிடாதே, போட்டால் நீ பார்படாஸ் பக்கம் கால் வைக்க முடியாது. பாதி எச்சரிக்கை, பாதி கேலி. ஹால் காலை கோட்டுக்கு மிகவும் பின்னாலேயே ஊன்றிப் பந்து போட்டார். லிண்ட்சே கிளைன் பந்தைத் தட்டிவிட்டு ஓட, மறுபடியும் சாலமன். பக்கவாட்டிலிருந்து அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஸ்டம்ப். அதையே அடித்தார். மெக்கிஃப் ரன் அவுட்.

டெஸ்ட் வரலாற்றின் முதல் டை. இரு அணிகளும் மொத்தம் தலா 737 ரன்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த நோ-பால் எச்சரிக்கையின் அளவு. 23 வயது பையனின் தலையில் அந்த நேரத்தில் ஐந்து ஆலோசனைகளைத் திணித்தால் எதுவும் ஏறாது. ஒன்றுதான் சொன்னார், அதுவும் சிரிப்பு வருகிற மாதிரி. எப்படிப் போட வேண்டும் என்பதை அவனிடமே விட்டுவிட்டார்.

தோற்ற அணிக்கு ஊர்வலம்

மெல்போர்னில் ஆஸ்திரேலியா வென்றது, சிட்னியில் வெஸ்ட் இண்டீஸ். அடிலெய்டில் ஆஸ்திரேலியாவின் கடைசி ஜோடி மெக்கேயும் கிளைனும் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் நின்று டிரா செய்துவிட்டார்கள். அந்த ஆட்டத்தில் மெக்கே கொடுத்த ஒரு கேட்சை சோபர்ஸ் பிடித்துவிட்டதாக நினைத்து வெஸ்ட் இண்டீஸ் வீரர்கள் பெவிலியனை நோக்கி நடக்கவே தொடங்கிவிட்டார்கள். நடுவர் இல்லை என்றார். திரும்பி வந்து ஆடினார்கள், வாக்குவாதம் செய்யவில்லை. கோபம் இல்லாமலா இருந்திருக்கும்? கேப்டன் காட்டாததை மற்றவர்களும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

கடைசி டெஸ்ட்டும் மெல்போர்னில். ஒரே நாளில் 90,800 பேர் வந்தார்கள், அன்றைய உலக சாதனை. ஆஸ்திரேலியா 2 விக்கெட் வித்தியாசத்தில் வென்று தொடரை 2-1 என்று எடுத்தது. ஆனால் தோற்ற அணியைத் திறந்த கார்களில் ஏற்றி ஊர்வலம் விட, மெல்போர்ன் தெருக்களில் லட்சக்கணக்கானோர் வழியனுப்பத் திரண்டார்கள். இனிமேல் இரு நாடுகளும் மோதும் தொடருக்கு வொரல் பெயரில் கோப்பை என்று டான் பிராட்மேன் தலைமையிலான ஆஸ்திரேலிய வாரியம் அறிவித்தது. பிரிஸ்பேன் டெஸ்ட்டில் பயன்படுத்திய பந்தை அதில் பொருத்தினார்கள். இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் வீரரின் பெயரில் கோப்பை என்பது அபூர்வம்.

எல்லாப் புகழையும் வொரலுக்கே கொடுப்பதும் சரியாக இருக்காது. எதிரில் பெனோ இல்லாமல் அந்தத் தொடர் அப்படி அமைந்திருக்காது. சோபர்ஸ், கன்ஹாய், ஹால், கிப்ஸ் மாதிரி ஆட்கள் இருந்தால் எந்த கேப்டனுக்கும் வேலை கொஞ்சம் சுலபம். ஆனால் அதே சோபர்ஸும் கன்ஹாயும் ஹாலும் அதற்கு முன்பும் அணியில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ரத்தம் கொடுத்த கேப்டன்

1962-ல் இந்திய அணி கரீபியன் போனது. மார்ச் 17, பார்படாஸ் அணிக்கு எதிரான ஆட்டம். சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் தலையில் பட்டது. மண்டை ஓட்டில் முறிவு. அவசர அறுவை சிகிச்சை, ரத்தம் தேவை. முதலில் வந்து கொடுத்தவர்களில் எதிரணி கேப்டன் வொரலும் ஒருவர். இந்திய வீரர்கள் உம்ரிகர், போர்டே, நட்கர்னியும் கொடுத்தார்கள். கான்ட்ராக்டர் பிழைத்தார், ஆனால் அதன்பின் டெஸ்ட் ஆடவில்லை. அடுத்த டெஸ்ட்டுக்கு 21 வயது பட்டோடி கேப்டனானார். தொடரை வெஸ்ட் இண்டீஸ் 5-0 என வென்றது.

இரண்டு அணிகளுக்கும் நடுவே பெரும் கசப்பாக முடிந்திருக்க வேண்டிய சம்பவம் அது. வொரல் அறிக்கை விட்டுச் சமாளிக்கவில்லை. மருத்துவமனைக்குப் போய் படுக்கையில் படுத்துக் கையை நீட்டினார். மேற்கு வங்கத்தில் 1981 முதல் பிப்ரவரி 3-ம் தேதி பிராங்க் வொரல் தினமாகக் கடைப்பிடிக்கப்பட்டு, ரத்ததான முகாம்கள் நடக்கின்றன.

அதே ஆண்டு மே மாதம் இன்னொன்றும் நடந்தது. தீவுகளை ஒரே நாடாக்க 1958-ல் உருவாக்கிய மேற்கிந்தியக் கூட்டாட்சி கலைந்தது. ஜமைக்கா மக்கள் வாக்கெடுப்பு நடத்தி முதலில் வெளியேறினார்கள். அரசியல் தலைவர்கள் ஒரே மேஜையில் உட்காரவைக்க முடியாத தீவுகள், கிரிக்கெட் அணியில் மட்டும் ஒன்றாக இருந்தன.

லார்ட்ஸ், 1963

அடுத்த ஆண்டு இங்கிலாந்து பயணம். நிறவெறிச் சண்டைகளையும் வேலையிட அவமானங்களையும் பார்த்துக்கொண்டிருந்த கரீபியன் குடியேறிகள் மைதானங்களில் நிரம்பினார்கள். லார்ட்ஸ் டெஸ்ட்டின் கடைசி ஓவரில் இங்கிலாந்துக்கு 8 ரன் தேவை, 2 விக்கெட் பாக்கி. பந்து மறுபடியும் ஹால் கையில். கடைசி நாள் முழுக்க ஒரு முனையிலிருந்து மாற்றமே இல்லாமல் அவர்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

நான்காவது பந்து. ஷாக்கிள்டன் தொடவில்லை, ஆனாலும் ரன்னுக்கு ஓட்டம். கீப்பர் டெரிக் மர்ரே பந்தைப் பக்கத்தில் நின்ற வொரலிடம் எறிந்தார். எறிந்து ஸ்டம்ப்பைத் தவறவிட்டால் கதை முடிந்தது. வொரல் எறியவில்லை, பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு பவுலர் முனைக்கு ஓடினார். ஓடியவர் வயது 38, அவரோடு போட்டி போட்டு ஓடிய ஷாக்கிள்டன் வயதும் 38. வென்றது வொரல்.

கை முறிந்து கட்டுப்போட்டிருந்த கவுட்ரி இறங்கி மறுமுனையில் நின்றார். 2 பந்து, 6 ரன். வொரல் மீண்டும் ஹாலிடம் போனார். மீண்டும் அதே விஷயம்: நோ-பால் வேண்டாம். டேவிட் ஆலன் இரண்டு பந்தையும் தடுத்தார். டிரா. தொடரை 3-1 என வென்று வொரல் ஓய்வு பெற்றார்.

அதன் பிறகு?

தனக்குப் பிறகு சோபர்ஸ்தான் என்று பரிந்துரைத்தார். 1964-ல் சர் பட்டம். அதற்கு அடுத்த ஆண்டு, சோபர்ஸ் தலைமையில் வெஸ்ட் இண்டீஸ் முதல்முறையாக ஆஸ்திரேலியாவைத் தொடரில் வீழ்த்தி வொரல் கோப்பையை எடுத்தபோது அணியின் மேலாளர் வொரல். ஜமைக்கா மேலவை உறுப்பினராகவும், வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதிக் காப்பாளராகவும், பின்பு டிரினிடாட் வளாகத்தில் மாணவர் நலப் பொறுப்பிலும் இருந்தார்.

மனதில் பட்டதைச் சொல்வதால் வரும் வம்பும் கடைசிவரை இருந்தது. 1966 நவம்பரில் சுதந்திரம் பெற்ற பார்படாஸ், அதைக் கொண்டாட உலக அணியோடு தனியாக மோத ஏற்பாடு செய்தபோது, வொரல் அதைப் பகிரங்கமாக விமர்சித்தார். சொந்தத் தீவிலேயே பலருக்குக் கோபம்.

1966-67-ல் வெஸ்ட் இண்டீஸ் அணியோடு இந்தியா வந்திருந்தபோதுதான் அவருக்கு ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. ஊர் திரும்பிய சில வாரங்களில், 1967 மார்ச் 13-ம் தேதி, ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இறந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருக்கு நினைவு வழிபாடு நடந்தது. அங்கே அப்படி ஒரு மரியாதை பெற்ற முதல் விளையாட்டு வீரர் அவர்தான்.

பார்படாஸின் 5 டாலர் நோட்டில் இப்போது அவர் முகம் இருக்கிறது. உடல், அதே தீவில் பல்கலைக்கழகத்தின் கேவ் ஹில் வளாகத்தில், 'த்ரீ டபிள்யூஸ் ஓவல்' மைதானத்துக்கு எதிரே அடக்கம் செய்யப்பட்டது. 2006-ல் வால்காட்டும், 2020-ல் தன் 95-வது வயதில் வீக்ஸும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்.